கொழுகொழுவென்று விட்டுவிட்ட குழந்தைகள்

மயிலாப்பூர் மாட வீதியில் கைக்குழந்தையோடு போகிற தாயை நிறுத்தி, குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி, "கொழுக் மொழுக்குனு எவ்வளவு அழகா இருக்கு, வீட்டுக்குப் போனதும் சுத்திப் போடும்மா" என்று சொல்லும் பாட்டிமார்கள் இன்றும் உண்டு. அதே குழந்தைக்கு நான்கு வயதாகி, எந்த அளவுச் சீருடையும் பொருந்தாமல் தையற்கடையில் தனியாகத் தைக்கக் கொடுக்கும்போது பேச்சு மாறிவிடுகிறது. "திணிச்சுத் திணிச்சு வளர்த்தா, இப்போ அனுபவிக்கிறா" என்று தாயின் தலையில் பழி விழுகிறது. பழி போட மனமில்லாதவர்கள், "அவங்க வம்சமே அப்படித்தான், தாத்தாவைப் பார்த்ததில்லையா, வயசுக்கு வந்தா இழுத்துக்கும்" என்று ஆறுதல் சொல்லி நகர்கிறார்கள். தி. நகரிலும் அடையாறிலும் நம் வீடுகளில் பருமனான குழந்தையைப் பற்றி நடக்கும் பேச்சு பெரும்பாலும் இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் முடிந்துபோகிறது. இந்தக் குழந்தை ஏன் இப்படி ஆனது என்று கேட்டு, விடை தேடி, ஒரு மருத்துவர் முன்னால் உட்காரும் குடும்பங்கள் மிகச் சில.

அந்தத் தேடல் நடக்காததால் சில குழந்தைகள் காரணம் தெரியாமலே பார்வையை இழந்துகொண்டிருக்கிறார்கள். சிலர் அடங்காத பசியோடு வளர்ந்து, அந்தப் பசிக்காகவே அடி வாங்குகிறார்கள். அவர்களுக்கு இருப்பது பெயர் உள்ள நோய் என்பதை யாரும் அவர்கள் பெற்றோரிடம் சொல்லவில்லை. இந்தத் தலையங்கம் முதலில் அவர்களுக்காக எழுதப்படுகிறது.

பிரச்சினையின் பரப்பைச் சொல்லிவிட்டு அவர்களிடம் வருவோம். சென்னையில் இது புதிய செய்தியே இல்லை. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் இந்நகரப் பள்ளிகளில் 13 முதல் 18 வயது வரையிலான ஏறக்குறைய 4,700 மாணவர்களை அளந்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், பையன்களில் 17.8 சதவீதம் பேரும் பெண்களில் 15.8 சதவீதம் பேரும் அதிக எடையோடு இருந்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, கோபாலபுரத்தின் சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனம் 51 பள்ளிகளில் 18,955 குழந்தைகளை அளந்து 2014-இல் இன்னொரு கணக்கைத் தந்தது. தனியார் பள்ளிகளில் அதிக எடையும் பருமனும் சேர்ந்து 21.4 சதவீதம். அரசுப் பள்ளிகளில் 3.6 சதவீதம். நாட்டின் கணக்கு இன்னும் திடுக்கிட வைக்கிறது. 1990-இல் இந்தியாவில் 5 முதல் 19 வயது வரையிலானவர்களில் பருமன் உள்ளவர்கள் 4 லட்சம் பேர் என்றும், 2022-இல் 1.25 கோடி பேர் என்றும் உலக ஆய்வுக் கூட்டமைப்பு ஒன்று 2024-இல் 'லான்செட்' இதழில் கணக்கிட்டது. 2025 செப்டம்பரில் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கையோ, உலக அளவில் இந்த வயதினரிடையே எடைக் குறைவை விடப் பருமன் அதிகமாகிவிட்டது, இப்படி ஆவது இதுவே முதன்முறை என்கிறது.

முப்பது ஆண்டுகளில் ஒரு மக்கள் கூட்டத்தின் மரபணுக்கள் மாறிவிடுவதில்லை. ஒரே நகரத்தில், ஒரே மரபில் வந்த குழந்தைகள், சேர்ந்த பள்ளியைப் பொறுத்து ஆறு மடங்கு வேறுபடுகிறார்கள் என்றால், அந்த வேறுபாட்டை உண்டாக்கியது வீட்டு வருமானம், பள்ளி வேன், கைபேசித் திரை, மாலை நேர டியூஷன், கதவு வரை வந்து நிற்கும் உணவு டெலிவரி. ஆகவே "வம்சம்" என்று சொல்லி நகரத்தை விடுவித்துவிட முடியாது.

ஆனால் அந்த 21.4 சதவீதத்துக்கு வெளியே நிற்கும் குழந்தைகளையும் பாருங்கள். அதே தனியார் பள்ளி, அதே வேன், அதே பஃப்ஸும் பிஸ்கட்டும். பெரும்பாலான குழந்தைகள் எடை கூடவில்லை, சிலர் மட்டும் கூடினார்கள். அந்தச் சிலர் யார் என்பதை முடிவு செய்வதில் மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் 1986-இல் டென்மார்க்கின் தத்துப்பிள்ளைகளை ஆராய்ந்தார். வளர்ந்த பிறகு அவர்களின் உடல்வாகு பெற்றவர்களை ஒத்திருந்தது, எடுத்து வளர்த்தவர்களை ஒத்திருக்கவில்லை. ஒரே தாய் ஒரே சமையலறையில் இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, ஒன்று மெலிந்தும் ஒன்று பருத்தும் வளர்வதை நாம் எல்லோருமே கண்டிருக்கிறோம். கண்ட பிறகும் தாயையே குற்றம் சொல்கிறோம்.

இந்தப் பொதுவான மரபுச் சாய்வில் நூற்றுக்கணக்கான மரபணு இடங்கள் சிறிது சிறிதாகப் பங்கு வகிக்கின்றன. அவற்றில் முதலில் பெயர் பெற்றது 2007-இல் அடையாளம் காணப்பட்ட எஃப்.டி.ஓ. மரபணு. ஐரோப்பியர்களிடம் அதன் ஆபத்தான வடிவத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்கள், பெறாதவர்களை விடச் சராசரியாக மூன்று கிலோ எடை கூடியிருந்தார்கள். நம் மக்களிடமும் அது வேலை செய்கிறதா என்ற கேள்விக்குக் கோபாலபுரத்திலேயே விடை கிடைத்தது. சென்னை நகர்ப்புற-கிராமப்புற ஆய்வில் பங்கேற்றவர்களின் ரத்த மாதிரிகளைக் கொண்டு டாக்டர் வி. மோகன், முனைவர் வெ. ராதா ஆகியோரின் குழு, எஃப்.டி.ஓ. மாற்றங்களுக்கும் தென்னிந்தியர்களின் பருமனுக்கும் தொடர்பு இருப்பதை 2011-இல் காட்டியது. 2016-இல் 1,618 பெரியவர்களிடம் செய்த அடுத்த ஆய்வு இன்னும் முக்கியமானது. மாவுச்சத்தை மிக அதிகமாகச் சாப்பிடுகிறவர்களிடமும் உடலுழைப்பு இல்லாதவர்களிடமும் அந்த மரபணுவின் கை ஓங்கியிருந்தது. காலையில் பொங்கல், மதியம் சாதம், ராத்திரி இட்லி தோசை என்று அரிசியைச் சுற்றியே ஓடும் நம் சாப்பாட்டுக்கு இதைவிட நேரடியான செய்தி வேண்டியதில்லை. உலகெங்கும் சுமார் 2,18,000 பெரியவர்களின் தரவுகளைத் தொகுத்த 2011-ஆம் ஆண்டு ஆய்வில், உடல் உழைப்பு உள்ளவர்களிடம் இந்த மரபணுவால் வரும் பருமன் ஆபத்து கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. மரபு ஒரு சாய்வைக் கொடுக்கிறது, உருட்டிவிடுவது வாழ்க்கை முறை என்று சொல்லலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. எச்சிலைக் குப்பியில் அனுப்பினால் உங்கள் குழந்தைக்குப் பருமன் வருமா என்று சொல்கிறோம் என்னும் விளம்பரங்கள் இப்போது நம் கைபேசிகளுக்கு வருகின்றன. ஏழு லட்சம் பேரின் மரபணுக்களைத் தொகுத்து 2018-இல் வெளியான மிகப் பெரிய ஆய்வில் கண்டறியப்பட்ட 941 மாற்றங்களையும் ஒன்றுசேர்த்தால்கூட, மனிதர்களுக்கிடையே உள்ள உடல் எடை வேறுபாட்டில் விளக்க முடிந்தது ஏறத்தாழ 6 சதவீதம்தான். அந்த ஏழு லட்சம் பேரும் ஐரோப்பிய மரபினர். அவர்களைக் கொண்டு போட்ட மதிப்பெண்ணைத் தமிழ்க் குழந்தைக்கு அப்படியே பொருத்திப் பார்த்து, ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு டயட் அட்டவணை கொடுப்பது வியாபாரம். சாதாரணமாகச் சற்றுப் பருமனான எட்டு வயதுப் பிள்ளைக்கு இத்தகைய பரிசோதனை தேவையில்லை. அந்தப் பணத்துக்கு ஒரு சைக்கிளும் ஒரு நீச்சல் வகுப்பும் வாங்கிவிடலாம்.

மரபணுப் பரிசோதனை உண்மையிலேயே தேவைப்படுகிற குழந்தைகள் வேறு. எண்ணிக்கையில் குறைவு. ஒரே ஒரு மரபணு பழுதானதால், அல்லது குரோமோசோமின் ஒரு துண்டு விடுபட்டதால், பசியை அடக்கும் மூளையின் பொறியமைப்பே வேலை செய்யாதவர்கள். நம் ஊரின் கவனத்துக்குக் கொஞ்சமும் வராதவர்கள் இவர்கள்தான்.

1994-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழுவினர் லெப்டின் என்ற ஹார்மோனின் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். உடம்பில் உள்ள கொழுப்பு செல்கள் லெப்டினைச் சுரக்கின்றன. அது ரத்தத்தின் வழியே மூளையின் ஹைபோதாலமஸ் பகுதிக்குப் போய், கையிருப்பு போதும் என்று சொல்கிறது. மூன்றாண்டுகள் கழித்து, கேம்பிரிட்ஜில் ஸ்டீபன் ஒ'ராஹிலி, சதஃப் ஃபரூக்கி ஆகியோரின் குழு, பாகிஸ்தானியப் பூர்வீகமுள்ள ஒரு குடும்பத்தின் இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதியது. எட்டு வயதுப் பெண்ணின் எடை 86 கிலோ. அவளுடைய உறவினனான இரண்டு வயதுப் பையனின் எடை 29 கிலோ. இருவரும் பிறக்கும்போது சாதாரண எடைதான். இருவரின் உடம்பிலும் லெப்டின் கிட்டத்தட்ட இல்லை. உடம்பு நிறையக் கொழுப்பு இருந்தும், மூளை தான் பட்டினி கிடப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் குழந்தைக்கு ஊசி மூலம் லெப்டின் கொடுக்கத் தொடங்கி ஓராண்டில் 16 கிலோவுக்கு மேல் குறைந்தாள் என்று 1999-இல் மருத்துவ இதழில் செய்தி வந்தது. யாரும் அவளைக் கண்டிக்கவில்லை, பட்டினி போடவில்லை. இல்லாத ஹார்மோனைக் கொடுத்தார்கள்.

அந்த இரு குழந்தைகளின் பெற்றோர்களும் சொந்தத்துக்குள் மணந்தவர்கள். இந்த விவரத்தைத் தமிழ்நாட்டு வாசகர்கள் நின்று படிக்க வேண்டும். லெப்டின் குறைபாட்டில் தாய், தந்தை இருவரும் ஆளுக்கொரு பழுதான பிரதியைச் சுமந்திருப்பார்கள். அவர்களுக்கு எந்த நோயும் தெரியாது. பிள்ளைக்கு இரண்டு பழுதான பிரதிகளும் வந்து சேர ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. ஒரே பாட்டனிடமிருந்து வந்த பழுது கணவன் மனைவி இருவரிடமும் இருப்பதற்கான சாத்தியம் உறவுத் திருமணத்தில் பல மடங்கு கூடுகிறது. பாகிஸ்தானில் உறவுத் திருமணம் மிகுந்த மக்களிடையே கடும் பருமன் கொண்ட குழந்தைகளை ஆராய்ந்தவர்கள், லெப்டின், லெப்டின் ஏற்பி, எம்.சி.4.ஆர். என்ற மூன்று மரபணுக்களின் பழுதுகள் மட்டுமே அவர்களில் சுமார் 30 சதவீதம் பேரின் பருமனை விளக்குவதாக 2015-இல் அறிவித்தார்கள். பத்தில் மூன்று பேர்!

2019-21 காலத்தின் ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 பெண்கள் உறவுக்குள் மணம் செய்தவர்கள். தேசிய சராசரி 11. அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று முறை பார்த்துக் கட்டிக்கொடுக்கும் வழக்கம் சொத்துக்காகவும் பாசத்துக்காகவும் தலைமுறைகளாக வந்தது. அதைப் பழிப்பது நம் நோக்கமில்லை, அப்படி மணந்த பெரும்பாலோரின் பிள்ளைகள் நலமாகவே இருக்கிறார்கள். ஆனால் இவ்வளவு உறவுத் திருமணம் உள்ள மாநிலத்தில், ஐந்து வயதுக்குள் கட்டுக்கடங்காமல் எடை கூடும் ஒவ்வொரு குழந்தையின் பெற்றோரையும் பார்த்து "நீங்கள் சொந்தமா?" என்று மருத்துவர் கேட்பது முதல் கேள்வியாக இருக்க வேண்டும். சொந்தம் இல்லை என்றாலும் தேடலை நிறுத்திவிடக் கூடாது. எம்.சி.4.ஆர். மரபணுவில் ஒரு பிரதி பழுதானாலே போதும். கடும் பருமன் கொண்ட 500 குழந்தைகளை ஆராய்ந்து 2003-இல் கேம்பிரிட்ஜ் குழு வெளியிட்ட கட்டுரையில், 5.8 சதவீதம் பேருக்கு இந்த ஒற்றை மரபணுவே காரணமாக இருந்தது.

சென்னையிலேயே ஒரு சான்று இருக்கிறது, ஆனால் அது கண் மருத்துவமனையில் இருக்கிறது. பார்டெட்-பீடில் என்ற மரபு நோயில் குழந்தை சிறு வயதிலேயே பருக்கிறது. கையிலோ காலிலோ ஆறாவது விரல் இருக்கலாம். சிறுநீரகம் பழுதாகலாம். விழித்திரை மெல்ல மெல்ல அழிந்து, முதலில் மாலைக்கண்ணாகத் தொடங்கி, வாலிபத்துக்குள் பார்வையே போகிறது. நுங்கம்பாக்கம் சங்கர நேத்ராலயாவின் ஆய்வாளர்கள் இந்தியக் குடும்பங்களில் இந்நோயின் மரபணு மாற்றங்களைத் தேடிக் கண்டறிந்து 2015-இல் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். அவர்கள் பணி போற்றத் தக்கது. ஆயினும் நம்மை உறுத்துவது வேறு. எடை கூடத் தொடங்கியபோது யாரும் தேடாமல், கண் மங்கிய பிறகே பெற்றோர் மருத்துவமனை வாசலுக்கு வரும் நோய் இது. ஆறாவது விரலைப் பிறந்த அன்றே பார்த்தோம், அதிர்ஷ்டம் என்றோம். பருத்த உடம்பைப் பார்த்தோம், நெய்ச் சோறு என்றோம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

பிராடர்-வில்லி நோய் இன்னொன்று. பதினைந்தாவது குரோமோசோமில், தந்தை வழி வந்த ஒரு பகுதி செயல்படாமல் போவதால் வருவது. ஏறக்குறைய 15,000 முதல் 20,000 பிறப்புகளில் ஒன்று என்று மதிப்பிடுகிறார்கள். இதன் கதை விசித்திரமானது. பிறந்ததும் குழந்தை துணி போலத் துவண்டு கிடக்கும், பால் குடிக்கவும் தெம்பிருக்காது, எடை ஏறவில்லை என்றே டாக்டரிடம் ஓடுவார்கள். இரண்டு மூன்று வயதுக்குப் பிறகு எல்லாம் தலைகீழாகும். பசி அடங்காது. நடு ராத்திரியில் எழுந்து சமையலறையைத் துழாவும். குப்பையில் போட்டதையும் எடுத்துத் தின்னும். இந்தக் குழந்தைகள் உள்ள வீடுகளில் சமையலறையையும் ஃபிரிட்ஜையும் பூட்டி வைக்கும்படி மருத்துவர்களே சொல்கிறார்கள், ஏனென்றால் அளவு மீறித் தின்று இரைப்பை கிழிந்து இறந்தவர்கள் உண்டு. நோயின் பெயர் தெரியாத வீட்டில் இதே குழந்தைக்குக் கிடைக்கும் பட்டம் திருடன், தீனிப்பண்டாரம். சூடு வைத்தால் திருந்துவான் என்று யோசனை சொல்லும் உறவினரும் வருவார்.

மருந்தே இல்லாத நோய்க்குப் பெயர் கண்டுபிடித்து என்ன ஆகப் போகிறது என்று கேட்கிறவர்கள் உண்டு. முதலில், எதற்குமே மருந்து இல்லை என்பது இப்போது சரியில்லை. லெப்டின் குறைபாட்டுக்கு ஹார்மோன் ஊசி இருக்கிறது. பி.ஓ.எம்.சி., பி.சி.எஸ்.கே.1, லெப்டின் ஏற்பி ஆகிய மரபணுக்களின் குறைபாடுகளுக்கு செட்மெலனோடைட் என்ற மருந்தை அமெரிக்கா 2020 நவம்பரில் அனுமதித்தது, 2022-இல் பார்டெட்-பீடிலுக்கும் விரிவாக்கியது. பிராடர்-வில்லி குழந்தைகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் கொடுப்பதை நம் நாட்டின் 2021-ஆம் ஆண்டு அரிய நோய்கள் கொள்கையே சிகிச்சைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. விலை மலைக்க வைக்கும், உண்மைதான். ஆனால் நோயின் பெயர் இல்லாத குழந்தைக்காக எந்தக் கொள்கையின் கதவையும் தட்ட முடியாது.

அடுத்து, மருந்தில்லாவிட்டாலும் பெயர் பல முடிவுகளை மாற்றுகிறது. லெப்டின் குறைபாடு என்றால் அடுத்த பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. பிராடர்-வில்லி பெரும்பாலான குடும்பங்களில் தற்செயலாக நேர்வது, அடுத்த பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழே. முதல் குழந்தையை இப்படிப் பெற்றுவிட்டு இரண்டாவதுக்குப் பயந்து நிற்கும் தம்பதிக்கு இந்த இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள தூரம் எவ்வளவு பெரியது! பார்டெட்-பீடில் என்றால் பார்வை இருக்கும்போதே பிள்ளையை அடுத்த வாழ்க்கைக்குத் தயார் செய்யலாம், சிறுநீரகத்தை ஆண்டுதோறும் கண்காணிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாகத் தாய் நிமிர்ந்து நடக்கலாம். குரோமோசோம் 16-இல் ஒரு சிறு துண்டு விடுபட்ட குழந்தைகளைப் பற்றி கேம்பிரிட்ஜ் குழு 2009 டிசம்பரில் எழுதியபோது, அவர்களில் சிலர் பெற்றோரின் துன்புறுத்தலுக்கு ஆளாகக்கூடும் என்ற பிரிட்டிஷ் சமூக நலத் துறையின் பட்டியலில் இருந்தது தெரிந்தது. வேண்டுமென்றே அதிகமாக ஊட்டுகிறார்கள் என்ற சந்தேகம். மரபணு முடிவு வந்த பிறகு பெயர்கள் நீக்கப்பட்டன. நம் ஊரில் அப்படிப் பட்டியல் இல்லை, மாமியார் வீட்டுக் கூடம் இருக்கிறது.

இந்தக் குழந்தைகள் ஏன் கண்ணில் படுவதில்லை? குழந்தை உடம்பைப் பற்றிய நம் அரசின் பார்வை முழுவதும் பஞ்ச காலத்தில் உருவானது. அது நியாயமானதே, பசியை வென்றதில் தமிழ்நாட்டின் சத்துணவுக்கும் 2022 முதல் வந்த காலை உணவுத் திட்டத்துக்கும் ஈடு இணை இல்லை. ஆனால் அங்கன்வாடியில் எடை போட்டு அட்டையில் புள்ளி வைக்கும்போது கண் போவது கீழ்க்கோட்டுக்குத்தான். மேல்கோட்டைத் தாண்டிய குழந்தை "நல்ல போஷாக்கு" என்று வீட்டுக்கு அனுப்பப்படுகிறது. 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் மருத்துவக் குழு போய்க் குழந்தைகளைப் பார்க்கிறது. அதன் முப்பது கோளாறுகளின் பட்டியலில் கடும் ஊட்டச்சத்துக் குறைவு இருக்கிறது, பருமன் இல்லை. தனியார் மருத்துவமனைகளிலோ, தடுப்பூசி நாளில் எடையைக் குறித்துக்கொண்டு, உயரத்தை அளக்காமலே அனுப்பிவிடுவது சாதாரணம்.

உயரம்தான் இங்கே மிக மலிவான துப்பு. வெறுமனே அதிகம் சாப்பிட்டு, குறைவாக ஓடிப் பருத்த குழந்தை பெரும்பாலும் வயதுக்கு மீறிய உயரமாக இருக்கும். குட்டையாகவும் குண்டாகவும் இருக்கும் குழந்தை என்றால் தைராய்டு, கார்டிசால், பிராடர்-வில்லி என்று தேட வேண்டும். இந்த வேறுபாட்டைக் காண ஓர் அளவு நாடா போதும். பேச்சும் நடையும் தாமதம், இருட்டில் தடுமாறுவது, பையன்களுக்கு விரை இறங்காமல் இருப்பது, அடிக்கடி கடுமையான தொற்று, தின்ற அரை மணியில் மறுபடியும் அழுகை, இவை ஏதேனும் சேர்ந்திருந்தால் தேடல் இன்னும் அவசரமாகிறது. ஐந்து வயதுக்குள் கடும் பருமனும் அடங்காப் பசியும் சேர்ந்தால் மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கம் 2017-இலேயே வழிகாட்டியிருக்கிறது. கழுத்தைச் சுற்றித் தடித்துக் கறுத்த தோலும் ஒரு செய்தி சொல்கிறது. அது அழுக்கு இல்லை. கடலை மாவும் பயத்தம் மாவும் போட்டுத் தேய்த்துப் பிள்ளையைப் புண்ணாக்கும் தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். காரணம் மரபோ உணவோ, ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது.

மரபு என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு கருப்பையில் வந்து சேர்வது என்பதையும் மறக்கக் கூடாது. கர்ப்ப காலத்தில் தாயின் சர்க்கரை கூடினால், கருவில் இருக்கும் பிள்ளையின் பருமனுக்கும் பிற்கால நீரிழிவுக்கும் அங்கேயே அடித்தளம் விழுகிறது. இதை நாடு முழுக்கப் பேச வைத்தவர் சென்னையின் டாக்டர் வி. சேஷய்யா. அவர் முயற்சியால் தமிழ்நாடு 2007-இல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. இந்த நகரத்தில் ஒரு மருத்துவரின் பிடிவாதம் அரசாணையாக மாறிய முன்னுதாரணம் இருக்கிறது. அதே பிடிவாதம் இப்போது இன்னொரு விஷயத்தில் தேவைப்படுகிறது.

தமிழ்நாடு அரசு உடனே செய்யக்கூடியவை உண்டு. அங்கன்வாடி முதல் பள்ளி வரை செல்லும் மருத்துவக் குழுக்களின் அட்டையில், ஐந்து வயதுக்குள் கடும் பருமன் என்ற ஒரு வரியைச் சேர்த்து, அந்தக் குழந்தையை எங்கே அனுப்புவது என்று முகவரியோடு எழுத வேண்டும். அந்த முகவரி எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையாக இருக்கட்டும். நாளமில்லாச் சுரப்பி மருத்துவர், மரபியல் மருத்துவர், கண் மருத்துவர், மரபு ஆலோசகர் ஆகியோர் ஒரே நாளில் ஒரே இடத்தில் குழந்தையைப் பார்க்க ஏற்பாடு வேண்டும். பரிசோதனைச் செலவு எந்தக் குடும்பத்தின் கையையும் கடிக்காதபடி முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏற்க வேண்டும். அறிவும் கருவியும் இல்லாத ஊரில்லை இது. கோபாலபுர நிறுவனத்துக்கு மரபணு ஆய்வுக்கூடம் இருக்கிறது, நுங்கம்பாக்கத்தில் கண் மரபியல் இருக்கிறது, கருவிலேயே குறைபாடு கண்டறியும் மெடிஸ்கேன் மயிலாப்பூரில் இருக்கிறது. இத்தனையும் இருந்தும், சத்யா நகர் குடிசையிலிருந்தோ மந்தைவெளி அடுக்ககத்திலிருந்தோ புறப்படும் ஒரு தாய்க்கு இவற்றை இணைக்கும் வழி தெரிவதில்லை. சோதனைகளில் கிடைக்கும் முடிவுகளைப் பெயர் நீக்கி ஒரே பதிவேட்டில் சேர்த்தால்தான், பாகிஸ்தானில் பத்தில் மூன்று என்று தெரிந்தது போல, தமிழ்க் குழந்தைகளில் எத்தனை என்று நமக்கும் தெரியவரும்.

மற்றக் குழந்தைகளை, அதாவது மரபின் சாய்வு மட்டும் பெற்றுப் பிறந்த பெரும்பாலோரை, நகரம்தான் காப்பாற்ற வேண்டும். பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020-இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டது. தி. நகரில் ஏதாவது ஒரு பள்ளி விடும் நேரத்தில் போய் நின்று பாருங்கள், விதியின் கதி தெரியும். நாகேஸ்வர ராவ் பூங்காவிலும் நடேசன் பூங்காவிலும் காலையில் நடப்பவர்கள் பெரும்பாலும் சர்க்கரை நோய் வந்தபின் டாக்டர் சொல்லி நடக்கும் பெரியவர்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் ஓடி ஆடும் மைதானம் எங்கே? விளையாட்டுத் திடல் இல்லாத பள்ளிக்கு அங்கீகாரம் கொடுக்கும் பழக்கத்தைக் கல்வித்துறை நிறுத்த வேண்டும். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குத் தாரை வார்க்கும் பழக்கத்தைப் பெற்றோர்கள் எதிர்க்க வேண்டும். குடும்பத்தில் பருமனும் நீரிழிவும் உள்ள குழந்தைக்கே அந்தப் பீரியட் மற்றவர்களைவிட அதிகம் தேவை.

இதைப் படிக்கும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை ஐந்து வயதுக்குள் வேகமாக எடை கூடினால், தடுப்பூசி அட்டையில் உள்ள பழைய எடைகளையெல்லாம் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். உயரத்தையும் அளந்து வளர்ச்சி வரைபடத்தில் இரண்டையும் குறித்துக் காட்டச் சொல்லுங்கள். பிறந்தபோது துவண்டு கிடந்ததா, எந்த மாதத்தில் எடை ஏறத் தொடங்கியது, இரவில் எழுந்து உணவு தேடுகிறதா, நீங்கள் சொந்தத்தில் மணந்தவர்களா, இரு பக்கத்துத் தாத்தா பாட்டி வரை யார் யாருக்கு என்ன இருந்தது என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். "வளர்ந்தா சரியாயிடும்" என்று பதில் வந்தால், எந்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு அப்படிச் சொல்கிறார் என்று மரியாதையோடு கேளுங்கள். பதில் இல்லையென்றால் எழும்பூருக்கு வண்டி ஏறுங்கள்.